விலை போடாத சீட்டு

வெயிலில் நின்று பார்க்கிறவனைவிட நிழலில் உட்கார்ந்து பார்க்கிறவன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். ஈப்போவில் பிற்பகல் நான்கு மணி வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். சுண்ணாம்பு மலையில் பட்டுத் திரும்பி வந்து முகத்தில் அறையும். ஆகவே பந்தலுக்குக் கீழே நாற்காலி ஒரு வெள்ளி, பெஞ்சு ஐம்பது காசு, கயிற்றோரம் வெயிலில் நிற்க இருபது காசு. கழகம் தொடங்கிய நாளில் இதுதான் எங்கள் விலைப்பட்டியல். அதைப் போட்டவன் நான்.

அப்பாவு எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள், நான் நாற்காலி விலை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் ஸ்கந்தராஜா. தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டமொன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கிந்தா தமிழர் கால்பந்துக் கழகத்தின் கௌரவக் காரியதரிசி. கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று பொருள். நீங்கள் இதை இன்ஸ்பெக்டர் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்லும்போது இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். கழகத்துக் காசில் ஒரு காசுகூட என் சட்டைப்பைக்கு வந்ததில்லை. நான் செய்ததெல்லாம் தமிழர் சமூகத்துக்காகச் செய்தது.

நிர்வாகக் குழுவில் பதினொரு கனவான்கள் இருக்கிறார்கள். பதினொரு பேருக்கும் இலவச நாற்காலி. அவர்களுடைய மனைவிமாருக்கும் இலவசம், மைத்துனன்மாருக்கும் இலவசம். கூட்டம் நடக்கும்போது எல்லோரும் சமூக முன்னேற்றத்தைப் பற்றி மிக அழகாகப் பேசுவார்கள். கூட்டம் முடிந்ததும் அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு நாற்காலி வேண்டும் என்று காதோரம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆக, பந்தலுக்குக் கீழே இருந்த பாதிப் பேரிடமிருந்து ஒன்றும் தேறாது. கழகத்தைத் தாங்கியது கயிற்றோரம்தான்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. வெள்ளைக்காரர்களின் கிளப்பில் செங்கல் கட்டி, தகரக் கூரை போட்டு, படிப்படியாக இருக்கை வைத்த மண்டபம் இருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். மழைக்கு ஒதுங்கவும் மரியாதைக்கும் அது தேவை. அதன் முகப்பில் ஒரு கல் பதிப்பது என்று தீர்மானம் ஆயிற்று. கல்லில் யார் பெயர் வர வேண்டும் என்பதைக் குழுவின் முடிவுக்கே விட்டுவிட்டேன். வாசகத்தை மட்டும் நான் எழுதிக் கொடுத்தேன்.

இனி, கயிற்றோரத்தை நான் எப்படி நிரப்பினேன் என்று சொல்கிறேன். தோட்டத்து ஆட்களுக்கு நோட்டீஸ் அடித்துப் பயனில்லை. வாசிக்கத் தெரியாது. ஆகவே காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் சின்னையா கங்காணி ஆட்டத்தை அறிவிப்பார். சீட்டை அங்கேயே கொடுத்து, காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம். ஆணுக்கு ஐம்பது காசு நாள் கூலி, பெண்ணுக்கு நாற்பது. அதில் இருபது என்பது பெரிய தொகையா? லாரி வாடகையும் அதற்குள்தான். வர விருப்பமில்லாதவர்கள் வர வேண்டாம். கட்டாயம் எதுவும் கிடையாது. சின்னையா அவர்கள் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார். அட்டை கடிக்கிற சதுப்பு ஓரத்து ரப்பர் மர நிரைக்கு மறுவாரம் யாராவது போகத்தானே வேண்டும்.

இன்னொரு ஏற்பாடும் செய்தேன். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமைதான். இடைவேளையில் தகரக் குழலை வாயில் வைத்து, எந்தக் கங்காணி எத்தனை சீட்டு எடுத்தார் என்று திடல் முழுக்கக் கேட்கும்படி வாசிப்பேன். கல்யாண வீட்டில் மொய் வாசிக்கிற அதே ராகம். "சின்னையா கங்காணி, நாற்பது சீட்டு." அவ்வளவுதான் சொல்வேன். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணிக்கு அன்று சோறு இறங்காது. அடுத்த ஆட்டத்துக்கு அவர் ஐம்பது எடுப்பார். அதன் பிறகு சின்னையா அறுபது. மொய் என்றால் என்ன என்று துரைக்கு எப்படி விளக்கப்போகிறீர்களோ எனக்குத் தெரியாது. ஒருவன் கொடுத்தது ஊருக்குக் கேட்க வேண்டும், கேட்டவன் அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். பாதியாவது புரியும்.

அப்பாவு எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். காலில் பூட்ஸ் போட மாட்டான். இடக்காலால் பந்தைத் தொட்டான் என்றால் அது அவனை விட்டுப் போகாது. இடது ஓரமாகக் கயிற்றை உரசிக்கொண்டு ஓடுவான், கயிற்றோரத்து ஜனங்கள் கையை நீட்டி அவன் தோளைத் தொடுவார்கள். ஆள் மெலிவு. வயிறு மட்டும் கொஞ்சம் முன்தள்ளியிருக்கும். கள்ளுத் தொந்தி என்று கேலி செய்வார்கள், அவனும் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரிப்பான். அவன் நல்லவன். அதை நான் மறுக்கவில்லை. எனக்கும் அவனைப் பிடிக்கும்.

ஆனால் அவனால் வந்த தொல்லையை யாரும் யோசிப்பதில்லை. ஆட்டத்துக்கு நாலு கோல் போட்டான். இரண்டு வருடம் எல்லாரையும் ஜெயித்தோம். யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்த ஆட்டத்துக்கு எவன் வருவான்? இரண்டாயிரம் பேர் நின்ற இடத்தில் அறுநூறு பேர் நின்றார்கள். கயிற்றோரத்தைப் பத்துக் காசாகக் குறைத்தேன். நானூறு பேர் வந்தார்கள். பத்துக் காசு என்றதும் ஆட்டத்தின் மதிப்பே அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விலையைக் குறைக்கிறவன் தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறான் என்று அன்று கற்றுக்கொண்டேன். மண்டப நிதியில் கால்வாசிகூடச் சேரவில்லை. கல் மட்டும் செதுக்கி முடிந்து, என் வீட்டு முன்னறையில் சாய்ந்து கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஐயாவு செத்தான். திடலில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன், பந்துக்குக் காற்று அடிக்கிறவன். காய்ச்சலில் போய்விட்டான். அவன் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று குழு சொன்னது. தங்கள் பையைத் திறக்காமல் என்று பொருள். ஆகவே ஒரு நினைவு ஆட்டம் வைத்தேன். அச்சுக்கூடத்தில் அவசரத்தில் சீட்டில் விலை போட மறந்துவிட்டார்கள். நானும் பார்க்கவில்லை. வாசலில் நின்றவன் என்ன விலை சொல்வது என்று தெரியாமல் என்னிடம் ஓடி வந்தான். நான் போவதற்குள் கயிற்றோரத்து வாசலில் ஜனங்கள் தாங்களாகவே கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

கருப்பம்மாள் என்று ஒரு கிழவி. நாற்பது காசுக் கூலிக்காரி. ஒரு முழு வெள்ளியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எழுதிக்குங்க கிராணியாரே. கருப்பம்மா, ஒரு வெள்ளி. எம் மவன் செத்தப்ப ஐயாவுதான் வந்து குழி வெட்டுனான்."

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். அடுத்தவன் இரண்டு வெள்ளி வைத்தான். விலை போட்டிருந்தால் இருபது காசு கொடுத்துவிட்டு, அதையும் முணுமுணுத்துக்கொண்டு போயிருப்பான். நான் தகரக் குழலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தேன். வாசிக்க வாசிக்க வந்தார்கள். நாற்காலிக் கனவான்கள் தலையைக் குனிந்து தங்கள் சப்பாத்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அன்று ஆறு ஆட்டத்து வசூல் ஒரே மாலையில் வந்தது. ஐயாவு பெண்சாதி முத்தம்மாவுக்கு முப்பது வெள்ளி கொடுத்தேன். அவள் என் காலில் விழுந்தாள். மிச்சம் மண்டப நிதிக்குப் போயிற்று.

நம் ஜனங்கள் உயிரோடு இருக்கிறவனைப் பார்க்க இருபது காசுக்குப் பேரம் பேசுவார்கள். செத்தவனுக்கு என்றால் பேரமே கிடையாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிற்பாடு நான் அதைச் சீட்டில் அச்சிட்டேன், அவ்வளவுதான். ஒரு கோடு போடுகிறவனுக்கே இவ்வளவு வருகிறதே என்று எனக்கு அப்போது ஓர் எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் வரை அது நின்றுகொண்டுதான் இருந்தது.

அதன் பிறகு ஐயாத்துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர், எங்களுக்கு அவர்தான் வைத்தியர். மனு எழுதி என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தவரும் அவர்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடமையைச் செய்திருக்கிறார். கொஞ்சம் தாமதமாகச் செய்திருக்கிறார்.

"ஸ்கந்தராஜா, உவன் அப்பாவுவை இனிப் பந்தடிக்க விடாதையும்," என்றார். "அது கள்ளுத் தொந்தி இல்லை. காய்ச்சல் வந்து வந்து மண்ணீரல் வீங்கித் தொப்புள் வரைக்கும் இறங்கிக் கிடக்குது. பழுத்த பப்பாசிப்பழம் மாதிரி. ஆராவது முழங்காலால ஒண்டு குடுத்தால் வெடிச்சுப் போகும். பிறகு ஆராலயும் ஒண்டும் செய்யேலாது."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"இடப்பக்கம். விலாவுக்குக் கீழ."

சரியாக எந்த இடம் என்று கேட்டேன். என் சட்டைமேலேயே விரல் வைத்துக் காட்டினார். எவ்வளவு பலமாகப் பட வேண்டும் என்று கேட்டேன். பெரிய பலம் தேவையில்லை என்றார். பட்டதும் உடனே தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, எழும்பி நடப்பான், கொஞ்ச நேரம் ஓடவும் செய்வான், உள்ளுக்குள்ளே இரத்தம் போய்க்கொண்டிருக்கும் என்றார். நான் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதைப் பார்த்து மனிதர் நெகிழ்ந்துவிட்டார்.

"உம்மைப் போல நாலு கிராணிமார் இருந்தால் தோட்டத்துச் சனம் பிழைச்சுப் போகும்," என்றார்.

அப்பாவுவை நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்தினால் நானூறு பேரும் வர மாட்டார்கள். கழகம் மூடப்படும். கழகம் போனால் தோட்டத்து ஜனங்களுக்கு சனி ஞாயிறில் கள்ளுக்கடையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. ஒரு மனிதனுக்காக இரண்டாயிரம் பேரைக் கள்ளுக்கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தவிர, அவனுக்கு அந்த வயிற்றோடு எத்தனை வருடம் இருந்திருக்கும்? டிரசரிடம் அதையும் கேட்டேன். நல்ல சாப்பாடும் ஓய்வும் இருந்தால் பல வருடம் இருப்பான் என்றார். எங்கள் தோட்டத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அவன் பெண்சாதி செல்லாயி ஆபீசுக்கு வந்தாள். வாசற்படிக்குக் கீழேயே நின்றாள்.

"கிராணியாரே, அவருக்குக் காச்ச விட்டு நாலு நாளுதான் ஆச்சுங்க. சோறு எறங்க மாட்டேங்குது. இந்த ஒரு ஆட்டத்துக்கு வேற ஆளப் போட்டுக்குங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"டிரசர் ஏதாவது சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"அவரு எங்ககிட்ட என்னத்தங்க சொல்வாரு. ஒடம்பப் பாத்துக்கன்னு சொன்னாரு."

ஐயாத்துரை என்னிடம் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டார். கூலிக்காரனின் வயிற்றைப் பற்றிக் கூலிக்காரனிடம் சொல்கிற வழக்கம் எங்களுக்குள் இல்லை. கிராணியிடம் சொல்வோம். நீங்களும் நம் ஆள், உங்களுக்குத் தெரியாததா.

நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆடுவதும் ஆடாததும் அவன் விருப்பம் என்றேன். மறுநாள் பெரட்டில், எல்லோரும் நிற்கும்போது, அவனிடமே கேட்டேன்.

"என்ன அப்பாவு, பயமெண்டால் சொல்லு. வேற ஆளைப் போடுறன்."

நூற்றைம்பது பேர் அவனையே பார்த்தார்கள். அவன் சிரித்தான்.

"பயமா? எனக்கா? நான் வாரேன் கிராணியாரே. நம்ம தோட்டத்து மானம் போவலாமா?"

செல்லாயி பெண்கள் வரிசையில் நின்றாள். ஆக, அவனுடைய சம்மதம் நூற்றைம்பது சாட்சிகளுக்கு முன்னால் வாங்கப்பட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆட்டம் குனோங் ராபாட் பக்கத்து ஈயச் சுரங்கத்துக்காரர்களோடு. அவர்களுடைய அணியில் பத்துமலை என்று ஒரு தடுப்பாட்டக்காரன். சுரங்கத்தில் மண் சுமக்கிறவன், மாடு மாதிரி இருப்பான். அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பொதுவாக எண்ணமே கிடையாது. ஆட்டத்துக்கு முந்திய திங்கட்கிழமை சிலிபினில் ஒரு காப்பிக் கடையில் அவனைப் பார்த்தேன். தற்செயலாகப் பார்த்ததாக முதல் விசாரணையில் சொல்லியிருந்தேன். தற்செயல் இல்லை. அவன் வருகிற நேரம் விசாரித்துக்கொண்டு போனேன்.

"அந்த எடக்கால்காரன என்னா செஞ்சு நிறுத்துறதுன்னே தெரியல கிராணி ஐயா," என்று அவனே ஆரம்பித்தான். "மூணு ஆட்டம் பாத்துட்டேன்லா. கையிலயே சிக்க மாட்டேங்கிறான்."

"பந்தைப் பாக்காதை. ஆளைப் பார்," என்றேன். "இந்தமுறை அவன் நடுவிலதான் ஆடுவான். இடப்பக்கம் விலாவுக்குக் கீழ அவனுக்கொரு பழைய நோவு இருக்கு. அங்க முழங்கால் பட்டால் பந்தை விட்டிடுவான்."

"அம்புட்டுதானா?"

"அவ்வளவுதான்."

என் காப்பிக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான். நன்றியுள்ள ஆள். விசாரணையில் அவன் அழுதான் என்று கேள்விப்பட்டேன். அவன்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார். முழங்கால் மட்டும்தான் அவனுடையது.

அப்பாவுவை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றியதும் நான்தான். கயிற்றோரமாக ஓடினால் ஒருவனும் அவனைத் தொட முடியாது. நடுவில் நின்றால் இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் இடிப்பார்கள். அணித் தலைவன் ஏன் என்று கேட்டான். கூட்டத்துக்குப் புதிதாக ஏதாவது காட்ட வேண்டும் என்றேன். இது உண்மைதான். "அப்பாவு முதன்முறையாக நடுவில்" என்று லாரியில் மேளம் அடித்து ஏழு தோட்டத்திலும் சொல்ல வைத்தேன். கயிற்றோரத்தை முப்பது காசாக்கினேன். ஆயிரத்து முந்நூறு பேர் வந்தார்கள். விலையை ஏற்றினால் கூட்டம் வரும் என்று நான் சொன்னபோது குழுவில் சிரித்தார்கள்.

சனிக்கிழமை ஆட்டம். அரை நாள் வேலை கழிந்து அப்பாவு நேராகத் திடலுக்கு வந்தான். முதல் பாதியில் ஒரு கோல் போட்டான். அழகான கோல். நானே எழுந்து கை தட்டினேன். இரண்டாவது பாதியில், உயரமாக வந்த பந்துக்கு அவனும் பத்துமலையும் ஒன்றாக எழும்பினார்கள். இறங்கும்போது அப்பாவு குனிந்துகொண்டே இறங்கினான். கொஞ்ச நேரம் புல்லில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் கேட்டான், கொடுத்தார்கள். பிறகு எழுந்தான். டிரசர் சொன்னது எழுத்துப் பிசகாமல் நடந்தது. ஓடக்கூடச் செய்தான். முகம் சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தது. பந்து அவன் காலுக்கு வந்தபோது அதைத் தொடாமல் அப்படியே விட்டான். கயிற்றோரத்தில் சிலர் கூச்சல் போட்டார்கள், முப்பது காசு கொடுத்தவர்கள் அல்லவா. அதன் பிறகு விழுந்தான்.

ஆட்டத்தை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருந்தது. பாதியில் நிறுத்தினால் காசைத் திருப்பிக் கேட்பார்கள். அவனைப் பந்தலுக்குப் பின்னால் படுக்க வைத்தோம். நிழலில்தான். செல்லாயி எப்படியோ உள்ளே வந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். லாரிகள் ஆட்டம் முடிந்துதான் வருவதாக ஏற்பாடு. வந்ததும் முதல் லாரியிலேயே ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது.

மரண விசாரணையில் மண்ணீரல் வெடித்த மரணம், யார்மேலும் குற்றமில்லை என்று மாஜிஸ்திரேட் எழுதினார். அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். அதன்படியே நீங்களும் விட்டிருக்கலாம். ஆனால் அச்சுக்கூடத்து ரசீதை எடுத்துவந்து என் முன்னால் வைக்கிறீர்கள். நினைவு ஆட்டத்துச் சீட்டுக்கு நான் சொன்னது செவ்வாய்க்கிழமை, அப்பாவு செத்தது அதே வாரம் சனிக்கிழமை, இது எப்படி என்கிறீர்கள். நியாயமான கேள்வி.

சீட்டை நன்றாகப் பாருங்கள். அதில் அப்பாவு பெயர் அச்சில் இல்லை. "காலஞ்சென்ற" என்று போட்டு, ஒரு கோடு, பிறகு "குடும்ப உதவி நிதிக்காக" என்று இருக்கும். விலை கிடையாது. பெயரைக் கோட்டின்மேல் மையால் பிறகு எழுதினேன். ஆயிரமாக அடித்தால் விலை அதிகம், மூவாயிரமாக அடித்தால் மலிவு. மூவாயிரம் சொன்னேன். பத்துமலை குறி தவறியிருந்தாலும் சீட்டு வீணாகியிருக்காது. எங்கள் தோட்டத்தில் யாராவது ஒருவர் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்பாவு என்றால் கூட்டம் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி. நீங்கள் எதிர்பார்க்கிற வாக்கியத்தையும் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அவன் சாவான் என்று தெரிந்து அவனை ஆட வைத்தேன். எங்கே இடிக்க வேண்டும் என்று இடிக்கிறவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்பாவுவைக் கொன்றது நான்தான். அவன்மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறுப்பில் செய்கிறவன் விலைப்பட்டியல் போட மாட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு நினைவு ஆட்டம் நடந்தது. நாலாயிரம் பேர், மூவாயிரம் சீட்டும் தீர்ந்துபோயிற்று. ஈப்போ அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. மேசை போதாமல் இன்னும் இரண்டு மேசை போட்டோம். நான் தகரக் குழலில் வாசித்து வாசித்துத் தொண்டை கட்டிவிட்டது. அப்போது கயிற்றோரத்து வரிசையில் செல்லாயி வந்தாள். வெள்ளைச் சேலை. பந்தலுக்குக் கீழே அவளுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும் என்று குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. எல்லோரையும்போல வெயிலில் நின்று, தன் முறை வந்ததும் மேசைக்கு வந்தாள்.

"அவரு ஆடுற ஆட்டத்துக்கு நான் ஒரு தடவகூடச் சீட்டு எடுத்துப் பாத்ததில்லங்க," என்றாள். "காசு இருக்காது. வேலிக்கு வெளிய நின்னு, சத்தத்த மட்டும் கேட்டுட்டுப் போயிருவேன். இன்னிக்காச்சும் எம் பேர எழுதிக்குங்க."

காதிலிருந்து தோட்டைக் கழற்றினாள். இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"இனிமே போடக் கூடாதுன்னுட்டாங்க. இதையே வச்சுக்குங்க."

நான் எழுதினேன். குழலை எடுத்து வாசித்தேன். "செல்லாயி, ஒரு ஜோடித் தோடு." பிறகு ஏற்கனவே கொடுத்தவர்கள் எல்லாம் மறுபடியும் மேசைக்கு ஓடி வந்தார்கள். நாற்காலியில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள், முதன்முறையாக. அன்றைய வசூலில் பாதி அதற்குப் பிறகு வந்ததுதான். செல்லாயிக்கு நாற்பது வெள்ளி கொடுத்தேன், முத்தம்மாவுக்குக் கொடுத்ததைவிடப் பத்து வெள்ளி கூடுதல். மண்டபத்துக்குத் தூண் எழும்பிவிட்டது. தோடு கழகத்துப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தோட்டைத் திருப்பிக் கொடுத்து அவளைச் சும்மா உள்ளே விட்டிருக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு இளகிய மனசு, ஆனால் ஒரு கழகத்தை நீங்கள் நடத்திப் பார்த்ததில்லை. இவளைச் சும்மா உள்ளே விட்டால், அடுத்து வருகிற விதவையும் கேட்பாள்.